தண்ணீரில் ஓடுமா சரக்கு வண்டி?
ஹைட்ரஜன் கிட் பற்றி ஒரு வியாபாரியின் கணக்கு

நம் பகுதி மளிகைக் கடைகளிலும் மொத்த வியாபாரக் கிட்டங்கிகளிலும் கொஞ்ச காலமாக ஒரு பேச்சு அடிபடுகிறது. வேனிலும் லோடு ஆட்டோவிலும் ஒரு சிறு பெட்டியை மாட்டி, அதில் தண்ணீரை ஊற்றினால் ஹைட்ரஜன் கேஸ் உற்பத்தியாகி என்ஜினுக்குள் போகும், பெட்ரோல் செலவு பாதியாகக் குறையும் என்கிறார்கள். சிலர் இதை விலைக்கு விற்கிறார்கள். சிலர் செல்போனில் வரும் படங்களைப் பார்த்து, எவர்சில்வர் தகடும் பிளாஸ்டிக் டப்பாவும் வாங்கித் தாங்களே செய்யப் பார்க்கிறார்கள்.

சிவகிரி பஜாரில் என் கடைக்கும் ஒருவர் வந்தார். "அண்ணாச்சி, தண்ணிதான் செலவு. மூணு மாசத்துல போட்ட காசு திரும்பிரும்" என்றார். கண்ணாடி ஜாடியில் தண்ணீரை ஊற்றி, பேட்டரி ஒயரைக் கொடுத்து, குமிழ் குமிழாக கேஸ் வருவதையும் காட்டினார். அதைச் சோப்பு நுரையில் பிடித்து நெருப்பு வைத்ததும் பட்டாசு மாதிரி வெடித்தது. பார்த்துக்கொண்டிருந்த கடைப் பையன்கள் கைதட்டினார்கள்.

அவர் காட்டியதில் பொய் எதுவும் இல்லை. தண்ணீருக்குள் ஹைட்ரஜன் இருப்பதும், மின்சாரம் பாய்ச்சினால் அது பிரிந்து வருவதும், எரிவதும் உண்மை. நாம் கேட்க வேண்டியது, அதைப் பிரித்தெடுக்க ஆன செலவு எவ்வளவு, கிடைத்தது எவ்வளவு என்பதை. கொள்முதல் விலை தெரியாமல் விற்பனை விலையை மட்டும் பார்த்து லாபம் என்று சொல்லும் வியாபாரி நம்மில் யாரும் இல்லை. அந்தக் கணக்கை இந்தக் கட்டுரையில் போட்டுப் பார்ப்போம்.

தண்ணீர் என்பது எரிந்து முடிந்த சரக்கு

மின்சாரத்தால் தண்ணீரைப் பிரிக்கும் வித்தை புதிதல்ல. 1800ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் நிக்கல்சன், கார்லைல் என்ற இருவர் செய்து காட்டிவிட்டார்கள். ஹைட்ரஜனில் ஓடும் வண்டியும் பழைய சங்கதிதான். சுவிட்சர்லாந்து நாட்டுக்காரரான டி ரிவாஸ் என்பவர் 1807இல் ஹைட்ரஜன் வாயுவால் இயங்கும் ஒரு வண்டியைச் செய்தார். ஆனால் அவர் ஹைட்ரஜனை ஒரு பலூனில் அடைத்து வண்டியோடு கொண்டுபோனார். தண்ணீரிலிருந்து போகிற வழியிலேயே தயாரிக்கவில்லை.

இருநூறு ஆண்டுகளுக்கு மேல் தெரிந்த சங்கதியை வைத்துக் கார் கம்பெனிகள் ஏன் தண்ணீர் வண்டி செய்யவில்லை? "பெட்ரோல் கம்பெனிக்காரன் விடமாட்டான்" என்று விற்பவர்கள் பதில் சொல்வார்கள். உண்மையான பதில் இதைவிட எளிது. ஹைட்ரஜன் எரிந்தால் என்ன ஆகிறது? தண்ணீர் ஆகிறது. விறகு எரிந்தபின் மிஞ்சும் சாம்பல் எப்படியோ, அப்படியே ஹைட்ரஜன் எரிந்தபின் மிஞ்சுவது தண்ணீர். சாம்பலை மறுபடி அடுப்பில் போட்டு யாரும் சோறு பொங்க முடியாது. தண்ணீரை மறுபடி ஹைட்ரஜனாக மாற்ற வேண்டுமானால், அது எரியும்போது எவ்வளவு சக்தி வெளிவந்ததோ அவ்வளவையும் நாம் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்கு ஒரு துளி குறைவாகக் கொடுத்தாலும் நடக்காது. நடைமுறையில் சேதாரமும் சேர்ந்து கூடுதலாகவே கொடுக்க வேண்டியிருக்கும்.

அந்தச் சக்தியை வண்டியில் கொடுப்பது எது? பேட்டரி. பேட்டரியை சார்ஜ் செய்வது ஆல்டர்னேட்டர். அதைச் சுற்றுவது என்ஜின். என்ஜினைச் சுற்றுவது பெட்ரோல். ஆகவே தண்ணீரைப் பிரிக்கிற செலவும் கடைசியில் நம் பெட்ரோல் டாங்கியிலிருந்துதான் போகிறது. ஹெட்லைட் போட்டாலும் என்ஜின் கொஞ்சம் கூடுதலாக உழைக்கிறது. இந்தப் பெட்டி நாலைந்து ஹெட்லைட் பல்புகளை இரவும் பகலும் எரியவிடுவதற்குச் சமம்.

பேரேட்டில் எழுதிப் பார்ப்போம்

இப்போது எண்களுக்கு வருவோம். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 20 ஆம்பியர் இழுக்கும் ஒரு கிட்டை எடுத்துக்கொள்வோம். அதாவது 240 வாட்ஸ். உள்ளே வரிசையாக 6 அறைகள் உள்ள நல்ல கிட் என்றே வைத்துக்கொள்வோம்.

அது ஒரு மணி நேரம் ஓடினால் கிடைக்கும் ஹைட்ரஜன் சுமார் நாலரை கிராம். இது சாதாரண மின்பகுப்புக் கணக்கு. அந்த நாலரை கிராமில் உள்ள சக்தி, 17 மில்லி பெட்ரோலில் உள்ள சக்திக்குச் சமம். ஒரு பாலாடை அளவுகூட வராது.

இதற்கு ஆன செலவு என்ன? என்ஜினில் 100 பங்கு பெட்ரோல் சக்தி போனால் சுமார் 25 பங்குதான் சுழலும் சக்தியாகக் கிடைக்கும். மீதி சைலன்சர் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் சூடாகப் போய்விடும். அந்த 25 பங்கை வாங்கி ஆல்டர்னேட்டர் மின்சாரமாக மாற்றும்போது சுமார் 15 பங்கு தேறும். அந்த 15 பங்கு மின்சாரம் தண்ணீரைப் பிரிக்கும்போது ஏறக்குறைய 9 பங்கு ஹைட்ரஜனாகச் சேரும். ஆக, 240 வாட்ஸை ஒரு மணி நேரம் கொடுக்க ஆகும் பெட்ரோல் சுமார் 180 மில்லி. திரும்ப வந்தது 17 மில்லி.

லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால், மணிக்கு 18 ரூபாய் போட்டு 1 ரூபாய் 70 காசு எடுக்கிறோம். இப்படி ஒரு கொள்முதலை நம் கடையில் ஒரு கணக்கப்பிள்ளை செய்தால் மறுநாள் அவருக்கு வேலை இருக்காது.

"பெட்டி சின்னது, அதனால்தான். பெரிசாக வைத்தால்?" என்று கேட்கலாம். பெரிதாக வைத்தால் நஷ்டமும் பெரிதாகும். பங்கு விகிதம் மாறாது.

குமிழ் பெரிது, சரக்கு சிறிது

அப்படியானால் ஜாடியில் அவ்வளவு குமிழ் பொங்கியதே என்று தோன்றும். கண் ஏமாறுகிற இடம் அதுதான். உலகிலேயே மிக லேசான வாயு ஹைட்ரஜன். ஒரு லிட்டர் ஹைட்ரஜனின் எடை 0.09 கிராம்தான். பஞ்சு மூட்டையையும் துவரம்பருப்பு மூட்டையையும் பக்கத்தில் வைத்து, பருமனைப் பார்த்து விலை பேசுகிறவர் யாரும் இல்லை. நாம் தராசில் ஏற்றித்தான் பேசுவோம். கேஸையும் எடையால்தான் பார்க்க வேண்டும்.

மேலே சொன்ன கிட், ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நிமிடத்துக்குச் சுமார் 1.4 லிட்டர் வாயு கொடுக்கும். அதே நேரத்தில் 800 சி.சி. என்ஜின் ஒன்று 3,000 சுற்றில் ஓடினால் நிமிடத்துக்கு 1,200 லிட்டர் காற்றை இழுக்கும். ஆயிரம் படி அரிசியில் ஒரு படிக்குச் சற்றுக் கூடுதலாகக் கலந்த மாதிரி. இதனால் என்ஜினின் குணம் மாறிவிடும் என்பதை நம்புவது கஷ்டம்.

விஷயம் தெரிந்த விற்பனையாளர் இந்த இடத்தில் பேச்சை மாற்றுவார். "ஹைட்ரஜன் சக்தி கொடுப்பதற்காக இல்லை, அண்ணாச்சி. பெட்ரோல் முழுசா எரியறதுக்காக" என்பார். நல்ல நிலையில் உள்ள இன்றைய என்ஜினில் நூற்றுக்கு 97, 98 பங்கு பெட்ரோல் ஏற்கனவே எரிந்துவிடுகிறது. எரியாமல் போவது இரண்டு மூன்று பங்குதான். அந்த இரண்டு மூன்றையும் முழுதாக மீட்டாலும் பாதிச் செலவு எப்படிக் குறையும்? ஆராய்ச்சிக் கூடங்களில் சிலிண்டரிலிருந்து தாராளமாக ஹைட்ரஜன் கொடுத்து, என்ஜினின் அமைப்பையும் மாற்றிச் செய்யும் சோதனைகள் வேறு. அங்கே ஹைட்ரஜனைத் தயாரித்த செலவு வண்டியின் கணக்கில் வராது.

அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் எரிபொருள் மிச்சப்படுத்துவதாகச் சொல்லப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட சாதனங்களைப் பல ஆண்டுகளாகச் சோதித்துப் பார்த்தது. அவற்றில் ஏதாவது பலன் தந்தவை மிகச் சிலவே. அவையும் பெரிய மிச்சத்தைத் தரவில்லை.

நம் பக்கத்து ஊரில் நடந்தது

இதில் நம் பகுதிக்கு ஒரு தனி அனுபவம் உண்டு. 1996இல், ராஜபாளையத்துக்குப் பக்கத்து இடையன்குளத்தைச் சேர்ந்த ராமர் பிள்ளை என்பவர் தண்ணீரையும் மூலிகையையும் கொண்டு பெட்ரோல் எடுப்பதாகச் சொன்னார். பத்திரிகைகளில் பெரிய செய்தி ஆயிற்று. நாடு முழுவதும் அவர் பெயர் பரவிற்று. டில்லி வரை அழைத்துப் போய் விஞ்ஞானிகள் முன்னால் செய்து காட்டச் சொன்னார்கள். கட்டுப்பாடான சோதனையில் அது தேறவில்லை.

அதோடு முடியவில்லை. 1999, 2000ஆம் ஆண்டுகளில் மூலிகை எரிபொருள் என்ற பெயரில் சென்னையில் விற்பனையும் நடந்தது. அது டொலுவின், நாப்தா போன்ற பெட்ரோலியப் பொருட்களின் கலவை என்றும், விற்றுச் சேர்த்த தொகை இரண்டு கோடி ரூபாய்க்கு மேல் என்றும் சி.பி.ஐ. வழக்குத் தொடர்ந்தது. 2016 அக்டோபரில் சென்னை எழும்பூர் நீதிமன்றம் அவருக்கும் உடனிருந்தவர்களுக்கும் 3 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. பேச்சு கிளம்பியதற்கும் தீர்ப்பு வந்ததற்கும் இடையே 20 ஆண்டுகள்.

இதைச் சொல்வது ஒருவரை இழித்துப் பேசுவதற்காக அல்ல. நம் மண்ணில் ஒரு படிக்காத மேதை தோன்றிவிட்டான், வெள்ளைக்காரனால் முடியாததைச் செய்துவிட்டான் என்று நாம் எல்லோருமே ஆசைப்பட்டோம். ஆசைப்பட்டது தவறும் இல்லை. ஆனால் இத்தனை கிராம் உள்ளே போயிற்று, இத்தனை கிராம் வெளியே வந்தது என்று தராசு வைத்துக் கேட்டிருந்தால் விஷயம் ஒரே நாளில் முடிந்திருக்கும்.

வெளிநாட்டிலும் இதே கதைதான். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஸ்டான்லி மேயர் என்பவர் தண்ணீரில் ஓடும் கார் செய்ததாகச் சொல்லி முதலீடு வாங்கினார். பணம் போட்ட இருவர் வழக்குப் போட்டார்கள். நிபுணர்கள் அவருடைய கருவியைப் பரிசோதித்து, இது பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரும் சாதாரண மின்பகுப்புதான் என்றார்கள். அதை மோசடி என்று தீர்ப்பளித்து, 25,000 டாலரைத் திருப்பிக் கொடுக்கும்படி 1996இல் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2012இல் பாகிஸ்தானில் ஒருவர் தண்ணீர் கிட் காரை டி.வி.யில் ஓட்டிக் காட்டினார். அமைச்சர்களே புகழ்ந்தார்கள். அந்த நாட்டு விஞ்ஞானிகள் சிலர் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். அதற்குப்பின் அந்தக் கார் சந்தைக்கு வரவே இல்லை.

ஓடிய கேஸ் வண்டி ஒன்று உண்டு

வண்டியிலேயே கேஸ் தயாரித்து ஓட்டவே முடியாது என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். ஓட்டியிருக்கிறார்கள், நம் ஊர்ச் சாலைகளிலேயே. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தபோது பஸ்களின் பின்புறம் பெரிய இரும்பு டிரம்மைப் பொருத்திக் கரி போட்டு ஓட்டினார்கள். "கரிகேஸ் பஸ்" என்று நம் அப்பா, தாத்தா காலத்தவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். காலையில் ஒருவர் காற்றாடிக் கைப்பிடியைச் சுற்றி நெருப்பை ஊதி, கேஸ் பிடிக்கும்வரை காத்திருந்துதான் வண்டியைக் கிளப்ப வேண்டும். மேடு வந்தால் பயணிகள் இறங்கித் தள்ளுவார்கள். ஐரோப்பாவில் லட்சக்கணக்கான வண்டிகள் அந்தக் காலத்தில் இப்படி ஓடின.

கரியைக் குறைந்த காற்றில் புகைய வைத்தால் கார்பன் மோனாக்சைடு என்ற வாயு வரும். ஈரப்பதமும் இருந்தால் ஹைட்ரஜனும் கலந்து வரும். இரண்டும் எரியும். ஆகவே ஹைட்ரஜன் கலந்த கேஸில் தமிழ்நாட்டில் பஸ் ஓடியது எண்பது ஆண்டுகளுக்கு முந்தைய உண்மை. அது ஓடியதற்குக் காரணம் கரி. மரம் வெயிலில் நின்று சேர்த்துவைத்த சக்தி அந்தக் கரியில் இருந்தது. கரி மூட்டைக்கு விலை கொடுத்தார்கள், அதற்கு ஈடாக ஓட்டம் கிடைத்தது. போர் முடிந்து பெட்ரோல் வந்ததும் யாரும் கேட்காமலே அந்த டிரம்மைக் கழற்றிப் போட்டுவிட்டார்கள். தண்ணீர்ப் பெட்டியில் அந்தக் கரிக்கு இணையாக எதுவும் இல்லை.

வெளியே இருந்து கரண்ட் கொடுத்தால்?

சிலர் புத்திசாலித்தனமாக இன்னொரு கேள்வி கேட்பார்கள். "வண்டியில் வேண்டாம். கடையில் ஈ.பி. கரண்ட் இருக்கிறது, மாடியில் சோலார் இருக்கிறது. அதில் தயாரித்து நிரப்பினால்?" நியாயமான கேள்வி. இப்போது உலகமே செய்ய முனைவது இதைத்தான்.

ஒரு லிட்டர் தண்ணீரைப் பிரித்தால் சுமார் 110 கிராம் ஹைட்ரஜன் கிடைக்கும். 400 மில்லி பெட்ரோலுக்குச் சமம். பிரிக்கச் சுமார் 6 யூனிட் மின்சாரம் வேண்டும். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் 48 ரூபாய் செலவில் 40 ரூபாய்ச் சரக்கு. அதோடு, அந்த 110 கிராம் சாதாரண அழுத்தத்தில் 1,300 லிட்டருக்கு மேல் இடம் பிடிக்கும். அதை அடைக்கப் பெரிய அழுத்தத்தில் கம்ப்ரசரும் தனிவகை சிலிண்டரும் தேவை. டொயோட்டா கம்பெனியின் மிராய் ஹைட்ரஜன் காரில் சுமார் 700 மடங்கு காற்றழுத்தத்தில் 5.6 கிலோ அடைக்கிறார்கள். மத்திய அமைச்சர் நிதின் கட்கரி 2022 மார்ச்சில் பாராளுமன்றத்துக்கு வந்து இறங்கியது அந்தக் காரில்தான். அந்த அழுத்தம் வீட்டுக் கொல்லையில் செய்கிற வேலை அல்ல.

அதே 6 யூனிட்டை நேராக ஒரு மின்சார லோடு ஆட்டோவின் பேட்டரியில் ஏற்றினால் 40, 50 கிலோமீட்டர் ஓடும். ஹைட்ரஜனாக்கிப் பெட்ரோல் என்ஜினில் எரித்தால் 8 கிலோமீட்டர் தாண்டுவதே பெரிது. மாடியில் சோலார் வைத்திருக்கும் வியாபாரி எதைத் தேர்ந்தெடுப்பார் என்று சொல்லத் தேவையில்லை.

ஹைட்ரஜனுக்கு எதிர்காலமே இல்லை என்பதல்ல இதன் பொருள். மத்திய அரசு 2023 ஜனவரியில் 19,744 கோடி ரூபாயில் பசுமை ஹைட்ரஜன் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. நம் தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்திலும் 2025இல் பசுமை ஹைட்ரஜன் தயாரிக்கும் முன்னோடி நிலையம் தொடங்கப்பட்டது. இங்கெல்லாம் மின்சாரம் காற்றாலையிலிருந்தோ சூரிய ஒளியிலிருந்தோ வருகிறது. உரம், இரும்பு, கப்பல் போன்ற பெரிய தொழில்களுக்காக இந்த முயற்சி நடக்கிறது. விற்பவர்கள் இந்தச் செய்திகளைக் கத்தரித்து ஒட்டி, "கவர்மெண்டே செய்யுது பாருங்க" என்று காட்டுவார்கள். துறைமுகத்தில் நடப்பதற்கும் நம் வண்டி பானட்டுக்குள் மாட்டும் டப்பாவுக்கும் சம்பந்தம் இல்லை.

பண நஷ்டத்தைவிடப் பெரிய ஆபத்து

பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். இந்தப் பெட்டியில் வேறு அபாயங்கள் இருக்கின்றன. வீட்டிலேயே செய்து பார்க்க ஆசைப்படும் நம் பிள்ளைகளுக்கு இவற்றைக் கட்டாயம் சொல்லிவையுங்கள்.

முதலாவது, வெடிப்பு. சமையல் கேஸ் காற்றில் 2 முதல் 9 சதவீதம் வரை கலந்திருந்தால்தான் தீப்பிடிக்கும். ஹைட்ரஜன் 4 முதல் 75 சதவீதம் வரை எந்த அளவிலும் தீப்பிடிக்கும். சுவிட்ச் போடும் சிறு பொறி போதும். வாசனை இல்லை. சுடர் பகலில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. இந்தப் பெட்டியிலோ ஹைட்ரஜனோடு ஆக்சிஜனும் முன்கூட்டியே கலந்தே வருகிறது. ஆகவே என்ஜின் பக்கமிருந்து தீ குழாய் வழியே பின்னோக்கி வந்தால் பெட்டியே வெடிக்கும். கோணிச் சாக்கும் எண்ணெய் டின்னும் அட்டைப் பெட்டியும் அடுக்கிய கிட்டங்கியில் இந்த வண்டியை நிறுத்தி வைப்பதை நினைத்துப் பாருங்கள்.

இரண்டாவது, காரம். தண்ணீரில் மின்சாரம் நன்றாகப் பாய வேண்டும் என்பதற்காகக் காஸ்டிக் சோடா அல்லது காஸ்டிக் பொட்டாஷ் கலப்பார்கள். சூடான அந்தத் தண்ணீர் கண்ணில் தெறித்தால் பார்வை போகலாம். தெறித்தால் உடனே நல்ல தண்ணீரை நிறைய ஊற்றி வெகுநேரம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

மூன்றாவது, உப்பு. நம் கடையில் எப்போதும் இருப்பது கல் உப்பு. "காஸ்டிக் எதற்கு, உப்புப் போட்டால் போதுமே" என்று பையன்கள் செய்துவிடுவார்கள். உப்புத் தண்ணீரில் மின்சாரம் பாய்ந்தால் குளோரின் என்ற நச்சு வாயு வரும். மூடிய அறையில் அதைச் சுவாசித்தால் நுரையீரல் கெடும்.

நான்காவது, கசடு. கொஞ்ச நாளில் பெட்டியின் அடியில் பழுப்பு நிறத்தில் ஒரு சேறு தங்கும். எவர்சில்வர் தகடு அரிப்பதால் வருவது அது. அதில் உடம்புக்குக் கெடுதலான குரோமியம் சேர்ந்திருக்கக்கூடும். அதைச் சாக்கடையில் ஊற்றுவதும் வெறும் கையால் வழிப்பதும் கூடாது.

சட்டமும் இன்சூரன்சும்

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52இன்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக அனுமதி இல்லாமல் வண்டியில் மாற்றம் செய்யக் கூடாது. சி.என்.ஜி., எல்.பி.ஜி. கிட் பொருத்துவதற்கு முறையான அங்கீகாரம் உண்டு. அங்கீகாரம் பெற்ற கடையில் பொருத்தி, ஆர்.டி.ஓ. ஆபீசில் ஆர்.சி. புத்தகத்தில் பதிந்துகொள்ளலாம். தண்ணீர்ப் பெட்டி விற்பவரிடம் "ஆர்.சி.யில் ஏற்றித் தருவீர்களா?" என்று கேளுங்கள். அத்தோடு பாதிப் பேச்சு அடங்கிவிடும். அனுமதியில்லாத மாற்றம் உள்ள வண்டி தீப்பிடித்தால் இன்சூரன்ஸ் கம்பெனி பணத்தை மறுக்க அதுவே காரணமாகும். வண்டியோடு சரக்கும் போனால் நஷ்டம் முழுவதும் நம் தலையில்.

இன்னொன்று, நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்கியவர் 'நுகர்வோர்' ஆகமாட்டார். சுயதொழில் செய்து பிழைப்புக்காக வாங்கியவருக்கு மட்டும் விலக்கு உண்டு. ஒரே வண்டியைத் தானே ஓட்டிப் பிழைக்கிற சிறு கடைக்காரர் வழக்குப் போட இடம் இருக்கலாம். நாலு வேன் வைத்திருக்கும் மொத்த வியாபாரிக்குக் கஷ்டம். ஆகவே வாங்கும் முன்பே யோசிப்பதுதான் நமக்குப் பாதுகாப்பு.

"மாட்டியவருக்கு மைலேஜ் கூடியதே?"

இப்படிச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. பெட்டி மாட்டும்போது மெக்கானிக் ஏர் ஃபில்டரைத் துடைக்கிறார், பிளக் மாற்றுகிறார், டயருக்குக் காற்று பிடிக்கிறார். புதுப் பெட்டியின் பலனைப் பார்க்கும் ஆவலில் டிரைவரும் ஒரு மாதம் பதமாக ஓட்டுகிறார். மைலேஜ் கூடத்தான் செய்யும். அந்தப் பெட்டி இல்லாமலே இதையெல்லாம் செய்திருந்தாலும் கூடியிருக்கும்.

சரியாக அளக்க வேண்டுமானால் வண்டிக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே பங்கில், டாங்கி நிறைய அடித்து, கிலோமீட்டரையும் லிட்டரையும் எழுதுங்கள். பத்து முறை எழுதினால் வண்டியின் உண்மையான மைலேஜ் தெரிந்துவிடும். பிறகு எந்தச் சாதனக்காரர் வந்தாலும், "பெட்டியை மாட்டிவிட்டுப் போங்கள். இந்த நோட்டில் பாதி குறைந்தால் பணம்" என்று சொல்லலாம். சரக்கை நம்புகிறவர் கடனுக்குக் கொடுப்பார்.

உண்மையில் மிச்சம் பிடிக்க இந்த நோட்டே பெரிய உதவி. டயர் காற்றை வாரம் ஒருமுறை பார்ப்பது, ஏர் ஃபில்டரை நேரத்துக்கு மாற்றுவது, சரக்கு இறக்கும் அரைமணி நேரமும் என்ஜினை ஓடவிடாமல் நிறுத்துவது ஆகியவை காசு செலவில்லாத வழிகள். எல்லாவற்றையும்விடப் பெரிய விரயம் வெறும் வண்டி. சங்கரன்கோவிலுக்கோ ராஜபாளையத்துக்கோ சரக்கு எடுக்கப் போகும் வண்டி காலியாகப் போய் நிறைந்து வருகிறது, அல்லது நிறைந்து போய்க் காலியாக வருகிறது. ஒரே பஜாரில் நாலு கடைக்கு நாலு வண்டி, நாலும் அரைப்பாரம். இரண்டு கடைக்காரர்கள் பேசிக்கொண்டு ஒரே வண்டியில் முழுப் பாரம் ஏற்றினால், அந்த நடைக்கு டீசல் செலவு ஆளுக்குப் பாதிதான். கிட் விற்பவர் சொன்ன அதே பாதி, ஒரு பெட்டியும் மாட்டாமல் இங்கே கிடைத்துவிடுகிறது.

நம் சங்க உறுப்பினர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். தண்ணீர் கிட் விற்பவர் யார் வந்தாலும், பணம் கொடுக்கும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். ஜி.எஸ்.டி. பில் உண்டா? ஆர்.சி.யில் ஏறுமா? ஒரு மாதம் ஓட்டி நோட்டில் பார்த்தபின் பணம் வாங்கிக்கொள்வீர்களா? மூன்றுக்கும் ஆம் என்று சொல்பவர் வந்தால் எனக்கும் தகவல் சொல்லுங்கள். முதல் ஆளாக என் வேனில் மாட்டிப் பார்க்கிறேன்.